கோயம்பேடா, தோட்டத்து வியாபாரியா? ஒரு வரிக் கணக்கு!

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம், ஒரகடம். கார், லாரி, பைக் தொழிற்சாலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் நெல்லும் காய்கறியும் இன்னும் விளையத்தான் செய்கின்றன. அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் கத்திரி போட்டவர்களுக்கு ஒவ்வொரு பறிப்பிலும் ஒரே கேள்விதான். காயைக் கோயம்பேட்டுக்கு அனுப்பலாமா, தோட்டத்துக்கே வரும் வியாபாரியிடம் கொடுத்துவிடலாமா?

உதாரணத்துக்கு, கோயம்பேட்டில் கிலோ 28 ரூபாய், தோட்டத்தில் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன் கோயம்பேடுதான் லாபம் என்று தோன்றும். ஆனால், செலவு இரண்டு வகை. கமிஷன், சாக்கு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் எடைக்கு ஏற்ப கூடும். வண்டி வாடகை அப்படியில்லை. 100 கிலோ ஏற்றினாலும் 500 கிலோ ஏற்றினாலும் அதேதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து மனக்கணக்குப் போடும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இங்கேதான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் இயற்கணிதம் கைகொடுக்கிறது. பறிப்புக்குப் பறிப்பு மாறுவது எடை. அதற்கு 'எ' என்று ஓர் எழுத்து போட்டுக்கொள்ளலாம். கமிஷன் 10 சதவிகிதம், அதாவது 2 ரூபாய் 80 காசு. சாக்கும் கூலியும் 1 ரூபாய் 20 காசு. இவை போக, கிலோவுக்கு 24 ரூபாய் நிற்கும். குட்டியானை வாடகை 1,500 ரூபாய் என்றால்,

கோயம்பேடு: 24 × எ − 1,500
தோட்டம்: 20 × எ

கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 4 ரூபாய்தான். அதில் வாடகை தேற வேண்டுமென்றால் 1,500-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும். விடை, 375 கிலோ. 200 கிலோவை ஏற்றிப் போனால் கையில் 3,300 ரூபாய் நிற்கும். தோட்டத்திலேயே கொடுத்திருந்தால் 4,000 ரூபாய்.

இதில் ஒரு செலவைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதே இல்லை. இரவு கண்விழித்து மார்க்கெட் போய்வருபவரின் கூலி! கம்பெனி வேலைக்குப் போனால் சம்பளம் கிடைக்கும் வட்டாரத்தில் அதை விடலாமா? 600 ரூபாய் என்று சேர்த்தால், கழிக்க வேண்டியது 2,100 ஆகிறது. இப்போது 525 கிலோ இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

தலா 300 கிலோ வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவர் தனித்தனியாகப் போனால் ஆளுக்கு 900 ரூபாய் நஷ்டம். ஒரே வண்டியில், ஒருவர் மட்டும் கூடப் போனால், இருவருக்குமாக 300 ரூபாய் மிஞ்சும்.

மார்க்கெட் விலை 28-லிருந்து 25-ஆக இறங்கினால்? கமிஷனும் செலவும் போக 21 ரூபாய் 30 காசுதான் நிற்கும். கிலோவுக்குக் கூடுதல் 1 ரூபாய் 30 காசு. 2,100-ஐ அதால் வகுத்தால் 1,615 கிலோவைத் தாண்டுகிறது. அவ்வளவு காயைக் குட்டியானையில் ஒரே நடையில் ஏற்ற முடியாது. அன்றைக்குத் தோட்டத்து வியாபாரிதான்.