சூடேறியதும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வாகனங்கள்

சப்ரகமுவ மாகாணத்தின் பெருந்தோட்டப் பகுதிகளில் மோட்டார் வாகனம் என்பது ஆடம்பரமல்ல, அத்தியாவசியத் தேவையாகும். இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை போன்ற பிரதேசங்களின் தோட்டங்களிலிருந்து நோயாளி ஒருவரை இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ அவசரமாகக் கொண்டு செல்வதற்குப் பெரும்பாலும் அயலவரின் பழைய காரே கைகொடுக்கின்றது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், இருக்கின்ற வாகனங்களைக் கொண்டே பலரும் காலந்தள்ள நேர்ந்தது.

இத்தகைய பெற்றோல் வாகனங்களில் காணப்படும் கோளாறொன்றை இங்கு விளக்க விரும்புகின்றோம். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் வாகனம், மலைப்பாதையில் ஏறி வந்து பத்து நிமிடம் நிறுத்தப்பட்ட பின்னர் ஸ்டார்ட் ஆக மறுக்கின்றது. இயந்திரத்தை நிறுத்தியதும் குளிர்நீரோட்டமும் காற்றோட்டமும் நின்று விடுவதால், பொனட்டின் கீழுள்ள பாகங்கள் சிறிது நேரத்துக்கு மேலும் சூடேறுவதே இதற்கு அடிப்படையாகும்.

முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஓசையாகும். அது மந்தமாகச் சுழன்றால் கோளாறு மின்சாரப் பக்கத்தில் உள்ளது. செப்புக் கம்பியின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 0.4 சதவீதம் அதிகரிப்பதால், 50 பாகை சூடேறுகையில் அது ஏறத்தாழ 20 சதவீதம் கூடிவிடும். தேய்ந்த ஸ்டார்ட்டரும் துருவேறிய பற்றரி முனைகளும் தளர்ந்த எர்த் வயரும் இதனைத் தாங்கமாட்டா. எனவே புதிய பற்றரி வாங்குவதற்கு முன்னர் முனைகளைத் துப்புரவாக்கி இறுக்கிப் பார்ப்பதே முறையாகும்.

ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றும் இயந்திரம் பற்றிக்கொள்ளவில்லையாயின் எரிபொருளையும் தீப்பொறியையும் ஆராய வேண்டும். பெற்றோல் வாடை வீசினால் எரிபொருள் மிகையாகியுள்ளது எனலாம். எக்சலேட்டரை முழுமையாக அழுத்தியவாறு ஸ்டார்ட் செய்கையில் இயந்திரம் இயங்கினால் அது உறுதியாகும். இன்ஜெக்டர் கசிவோ, இயந்திரம் குளிர்ந்திருப்பதாகத் தவறான தகவல் தரும் வெப்ப சென்சரோ அதற்குக் காரணமாகலாம். மாறாக, சாவியை இரண்டு மூன்று தடவை 'ஓன்' நிலையில் சில விநாடிகள் வைத்த பின்னர் ஸ்டார்ட் ஆகுமாயின், பெற்றோல் அழுத்தம் குறைந்திருப்பதாகக் கொள்ளலாம். அரை மணி நேரம் ஆறிய பின்னரே இயங்குமாயின் இக்னிஷன் கொயில், கிராங்ஷாப்ட் சென்சர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும், கொதிக்கும் இயந்திரத்தின் மீது தண்ணீர் ஊற்றுவதும், பெற்றோல் வாடை வீசுமிடத்தில் தீக்குச்சி உரசுவதும் பேராபத்தானவை.

காரணம் அறியாது ஒவ்வொரு பாகமாக மாற்றுவதால் பணம் விரயமாகுமேயன்றிக் கோளாறு தீராது. வாகனம் எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டிருந்தது, ஸ்டார்ட்டர் எவ்வாறு சுழன்றது, ஆறிய பின் இயங்கியதா என்ற மூன்று விபரங்களையும் மெக்கானிக்கிடம் கூறுவது அவசியமாகும். நள்ளிரவில் நோயாளியுடன் நடுவழியில் நிற்க நேராதிருக்க, இக்கோளாறு தலைகாட்டும் முதல் நாளிலேயே அதனைக் கவனிக்குமாறு வாகன உரிமையாளர்களை வேண்டிக்கொள்கின்றோம்.