வாயே தொட்டில்!

கும்பக்கரையிலிருந்து வெள்ளகவிக்குச் செல்லும் பழைய மலைப்பாதையில் மாணவர் சிலருடன் நடந்தேன். அடிவாரத்தில் எங்கள் வெப்பமானி 31 டிகிரி காட்டியது. வெள்ளகவியை அடைந்து, ஊர் வழக்கப்படி செருப்பைக் கழற்றியபோது 25 டிகிரி. ஓடைக்கரையில் இளைப்பாறுகையில் ஒரு மாணவன் சொன்னான்:

“சார், வீட்டுத் தொட்டியில் ஜிலேபி மீன் முட்டைகளை வாயில் வைத்திருந்தது. தொந்தரவு செய்த ஆண் மீனைப் பிடிக்க வலையை விட்டேன். தாய் மிரண்டு முட்டைகளை விழுங்கிவிட்டது. அடுத்த முறை குஞ்சுகள் பிழைத்தால் இந்த ஓடையில் விடலாமா?”

இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. தாயை எப்படிப் பேணுவது? குஞ்சுகளை எங்கே விடுவது? ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

வாய்க்குள் என்ன நடக்கிறது?

ஜிலேபி மீன் எனப்படும் மொசாம்பிக் திலேப்பியாவின் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. 1952-ல் இது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆண் மீன் தரையில் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். முட்டைகள் சில நாட்களில் பொரிந்தாலும், குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை வாயே தொட்டில்!

வாயில் வைத்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றிலோ இதைப்போல் முப்பது மடங்குக்கும் மேல் உண்டு! முட்டையைச் சுற்றியுள்ள நீர் அசையாமல் நின்றால், அங்குள்ள பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். காப்பியில் போட்ட சர்க்கரை கலக்காவிட்டால் அடியிலேயே தங்கிவிடுகிறதல்லவா? அதனால்தான் தாய் எதையோ மெல்வதுபோல் தாடையை அசைத்து, முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறது. இந்நாட்களில் அது பெரும்பாலும் உண்பதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

தொண்டை புடைத்து, தாய் இரையை மறுத்தால் முட்டை இருக்கிறது என்று அறியுங்கள். அதன்பின் வலையைத் தொடாதீர்கள். ஆண் மீனை வேறு தொட்டிக்கு மாற்றுவதானால் முட்டையிடும் முன்பே திட்டமிடுங்கள். பிந்திவிட்டால் நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்றை மெதுவாக இறக்குங்கள். தொட்டியின் மூன்று பக்கங்களைக் காகிதத்தால் மறைத்தால் தாய் மிரளாது. நீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி வரை இருக்கட்டும். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்து, குளோரின் போனபின், அதே வெப்பநிலையில் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள்.

குஞ்சுகள் வெளிவந்ததும் ஒரு வேடிக்கை காணலாம். தொட்டியருகே நிழல் ஆடினால் போதும்; அவை தாயின் வாய்க்குள் பாயும்! மாதிரி மீன்களை வைத்துச் சோதித்த ஆய்வாளர்கள், குஞ்சுகள் கரும்புள்ளிகளையும் பள்ளங்களையும் நோக்கி முண்டுவதைக் கண்டனர்.

மெல்லிய துணியில் சலித்த கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் சிட்டிகை சிட்டிகையாக, நாளுக்கு மூன்று நான்கு முறை தூவுங்கள். மிஞ்சினால் அழுகி, நீரின் பிராணவாயுவைக் குடித்துவிடும். குஞ்சுகள் வாயை நாடாமல் திரியத் தொடங்கியதும் தாயைப் பிரியுங்கள். பட்டினி கிடந்த தாய்க்கு அப்போது நல்ல தீனி தேவை. குஞ்சுகளையே இரையாக்கிக்கொள்ளவும் கூடும்.

ஓடையில் விடலாமா?

கூடாது! வாயில் பாதுகாத்து வளர்ப்பதால் குஞ்சுகளில் பல பிழைக்கின்றன. சமவெளிக் குளங்களில் இது பெருகி, நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கிறது. உலகின் மிகத் தீய 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் இதற்கும் இடமுண்டு.

“மலை குளிராயிற்றே, அங்கே பெருகாதே?” என்று கேட்கலாம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறைகிறது. 20 டிகிரிக்குக் கீழே இம்மீன் பெரும்பாலும் முட்டையிடாது என்பதும் உண்மை. ஆனால் ஓடை கீழ்நோக்கி அல்லவா ஓடுகிறது! வழியெல்லாம் நீர் வெப்பமாகிறது. கீழேயிருந்து வரும் மீனை அருவி தடுக்கும். மேலே நாம் கொண்டுவிட்ட மீனை எது தடுக்கும்?

அம்மாணவன் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் வளர்த்துக் குழம்பு வைத்துவிட வேண்டியதுதான்!” என்றான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவன் சொன்னது சரியான விடை. மேலும் குஞ்சுகள் வேண்டாமென்றால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள்.

தொட்டியில் பிறந்தது தொட்டியிலேயே வளரட்டும். ஓடை, அதன் சொந்த மீன்களுக்கே!