சோம்பேறி வாயுக்கள்

நாம் இழுக்கும் மூச்சுக் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு ஆர்கான் என்னும் வாயு. அது எரியாது, அமிலத்தோடும் காரத்தோடும் சேராது. உள்ளே போனபடியே வெளியே வந்துவிடும்.

1894-ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தவர்கள் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் ஆவர். காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிப்பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. வேறுபாடு ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்குதான். ராலே அதை அலட்சியம் செய்யவில்லை. மறைந்திருந்த புதிய வாயு அகப்பட்டது. கிரேக்க மொழியில் ‘சோம்பேறி’ எனப் பொருள்படும் பெயரையே அதற்கு இட்டனர். ஹீலியம், நியான், கிரிப்டான், செனான், ரேடான் ஆகியவையும் இக்குடும்பத்தினவே. இவற்றை மந்த வாயுக்கள் என்பர்.

இந்த மந்தத்திற்குக் காரணம் என்ன? சோடியம் அணுவின் வெளிவட்டத்தில் ஒரே ஓர் எலக்ட்ரான். குளோரினுக்கோ ஒன்று குறைவு. ஒன்று கொடுக்க, மற்றொன்று வாங்க, சாப்பாட்டு உப்பு பிறக்கிறது. மந்த வாயுக்களின் வெளிவட்டத்திலோ எட்டு எலக்ட்ரான்கள். ஹீலியத்திற்கு இரண்டே போதும். நிறைந்த வீட்டில் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை!

ஆகவே இவை எதனோடும் சேரவே மாட்டா என்று பாடநூல்கள் எழுதின. 1962-இல் கனடாவின் வான்கூவர் நகரில் நீல் பார்ட்லெட் என்ற இளம் அறிஞர், பிளாட்டினம் ஹெக்சாபுளூரைடு என்னும் செந்நிற வாயு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டிருந்தார். அதற்கு வேண்டிய ஆற்றல் 12.2 எலக்ட்ரான் வோல்ட். செனானுக்கு? 12.1 தான்! செனான் பெரிய அணு. அதன் வெளி எலக்ட்ரான்கள் அணுக்கருவிற்கு வெகு தொலைவில் இருப்பதால் பிடிப்புக் குறைவு. இரு வாயுக்களையும் கலந்தார். அக்கணமே மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திண்மம் படிந்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நம்பிக்கை அன்று மாலை தகர்ந்தது.

ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு எண்கள் மாறுபட்டதை ராலே கவனித்தார். தொடர்பில்லாத இரண்டு எண்கள் ஒத்திருந்ததைப் பார்ட்லெட் கவனித்தார். நாமோ, ஆய்வுக்கூடத்தில் பியூரெட் காட்டும் அளவு விடையோடு பொருந்தாவிட்டால் இரகசியமாக அழித்து எழுதிவிடுகிறோம்! இனி அழிக்கும் முன் மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்போம். வாயுக்கள் சோம்பியிருக்கலாம், நம் கண்கள் சோம்பியிருக்கலாகாது.