முதலில் மிதக்கட்டும்



குஜிலியம்பாறை வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தோட்டத்துக் கிணறே நீச்சல் பள்ளி. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்கியது அந்தக் காலம். இப்போது பிளாஸ்டிக் கேன். குதிக்கவும் கையடிக்கவும் சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். அசையாமல் மிதக்கக் கற்றுத்தருவோர்தான் குறைவு.

பயந்த பிள்ளை கையை மேலே தூக்கும். தூக்கிய கையின் பாரமே அதை அமிழ்த்திவிடும். கிணற்றில் ஓரமும் ஆழமாயிற்றே! ஆகவே பெற்றோரிடம் நாம் சொல்வது: நீந்தத் தெரிந்த பெரியவர் படியோரத்தில் பிடரியைத் தாங்கி, பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைக்கட்டும். காது நனையட்டும். நெஞ்சு நிறைய மூச்சிழுத்தால் அந்தக் காற்றே தாங்கும். வங்கதேசத்து ‘ஸ்விம்சேஃப்’ பயிற்சியில் 25 மீட்டர் நீந்தினால் போதாது, 30 விநாடி மிதக்கவும் வேண்டும்.

தம்பி தத்தளித்தால் அண்ணன் குதிக்கக்கூடாது. கயிறோ கேனோ வீசிவிட்டு, பெரியவர்களைக் கூவி அழைக்கவேண்டும். அம்மாவின் சேலையும் உதவும்.