வரலாறு படிக்கும் நெறி

எழுத்தைக் கூட்டிப் படித்தல் வேறு. பொருளை உணர்ந்து படித்தல் வேறு. கதையைப் படிப்பவன் அதன் சுவையில் ஈடுபட்டு விரைந்து செல்லலாம். வரலாற்றைப் படிப்பவனோ இடையிடையே நின்று, ‘இதனைச் சொன்னவர் யார்? எப்பொழுது சொன்னார்? எதன்பொருட்டுச் சொன்னார்? சொல்லாது விட்டது யாது?’ என வினவுதல் வேண்டும். இவ்வாறு வினவும் பழக்கத்தை மாணவரிடத்து உண்டாக்குதல் வரலாற்று வகுப்பின் தலையாய கடனாகும். அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் நெட்டுருச் செய்தல் அதற்கு அடுத்ததே.

இந்நெறியின் பயனை உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் கொண்டு நன்கு விளக்கலாம். காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இவை பொறிக்கப்பட்டுள்ளன. முதற் பராந்தக சோழனது ஆட்சியில், கி.பி. 919-இல் ஒன்றும், 921-இல் மற்றொன்றுமாக எழுந்த இவை, ஊரை ஆளும் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. 1898-ஆம் ஆண்டில் இவை படியெடுக்கப்பட்டபின், அறிஞர் பலரும் இவற்றை ஆராய்ந்தனர்.

இக்கல்வெட்டைப் பற்றிய பாடம் வகுப்பில் தொடங்கும்பொழுது, ‘பழங்காலத் தேர்தல்’ என்ற தலைப்பைக் கண்ட அளவிலேயே, மக்கள் வரிசையில் நின்று வாக்களிக்கும் காட்சி மாணவர் உள்ளத்தில் தோன்றுதல் இயல்பு. நல்லாசிரியர் அக்காட்சியை உடனே மறுத்துரையார். ‘நீங்கள் எண்ணியதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; படித்து முடித்தபின் ஒப்பிட்டுப் பாருங்கள்’ என்பார். முன்னர்க் கொண்ட எண்ணத்தை மூலத்தோடு ஒப்பிடுதல் இந்நெறியின் முதற்படி.

இரண்டாவது படி, சொற்களை அவை வழங்கிய காலத்துப் பொருளில் அறிதல். ‘வேலி’ என்பது முள்வேலி அன்று, நில அளவு. ‘இறை’ என்பது இங்குக் கடவுளைக் குறியாது, வரியைக் குறிக்கும். ‘குடும்பு’ என்பது ஒரு வீட்டாரைக் குறிப்பதன்று. ஊரின் ஒரு பகுதி. உத்தரமேரூர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. இச்சொற்களுக்கு இக்காலப் பொருளை ஏற்றிப் படிப்பவன், தமிழ் அறிந்தவனாயினும் அக்கல்வெட்டை அறியாதவனே ஆவான்.

மூன்றாவது படி, மூலம் கூறுவதைத் தன் சொல்லால் எடுத்துரைத்தல். ஒரு பகுதியைப் படித்ததும் நூலை மூடிவிட்டு, மாணவன் அதன் கருத்தைச் சொல்லுதல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. மிகுந்த கல்வியுடையார்க்கு அரைக்கால் வேலியும் போதும். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளும் ஒரு கட்டாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபையார் சூழ்ந்திருக்க, ஏதும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அது வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கப்பட்டபின், ஓர் ஓலையை எடுத்துக் கொடுத்தான். இவ்வாறு சொல்லி வரும்பொழுதே, இது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு என்னும் உண்மை மாணவனுக்குத் தானே விளங்கிவிடும்.

நான்காவது படி, உய்த்துணர்தல். சிறுவன் தந்த ஓலையை வாங்குபவர், ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. ஏன் இந்த விதி? கையில் மறைத்த வேறோர் ஓலையை மாற்றி வைத்தற்கு இடங்கொடாமையே காரணம் என்று ஊகிக்கலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர்க்கும் இடமில்லை. விதி வகுக்கப்பட்ட இடத்தில், அது தடுக்க முயன்ற குற்றத்தைப் பற்றிய அச்சமும் இருந்தது என்பது தெளிவு. ஆயினும், விதி வகுத்தமை மட்டுமே கொண்டு, அஃது எந்நாளும் வழுவாது நடந்தது என்று கூறலாகாது. விதி வேறு, நடப்பு வேறு.

ஐந்தாவது படி, ஒப்புநோக்கல். 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, உறுப்பினர் வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் இருத்தல் வேண்டும் என்கின்றது. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டோ முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்கின்றது. இரண்டே ஆண்டில் விதி மாறியது. ஒன்றை மட்டும் படித்தவன், சபை என்றும் ஒரே நிலையில் இருந்ததாக எண்ணுவான். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தவனே, சபையார் தம் விதியை ஆராய்ந்து திருத்தினர் என்பதை அறிவான்.

இறுதியாக, சொல்லாது விடப்பட்டதையும் நோக்குதல் வேண்டும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அந்தணர்க்குரிய ஊர். நிலமும் வேதக் கல்வியும் இல்லாதார் பெயர் ஓலையில் ஏறவில்லை. உழுது பயிரிட்டவரும், ஏரியில் மண் சுமந்தவரும், பெண்டிரும் அக்குடத்தில் இடம் பெற்றிலர். சபையார் தம் சொல்லைக் கல்லில் பொறித்தனர். ஏனையோர் கருத்தை அக்கல் கூறவில்லை.

இக்கல்வெட்டை முற்றும் படியாதவர் இருவகையாகப் பிழைபடுவர். ஒருவர், இக்காலக் குடியாட்சி முழுவதும் அன்றே இருந்தது என்று மிகைபடப் புகழ்வர். மற்றொருவர், எல்லார்க்கும் இடமில்லாத அமைப்பில் கற்பதற்கு ஒன்றுமில்லை என்று இகழ்வர். உணர்ந்து படித்தவரோ, பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்ட நேர்மையைப் போற்றுவர். பலரைப் புறத்தே நிறுத்திய குறையையும் மறையார். இரண்டும் ஒரே சுவரில் எழுதப்பட்டிருத்தலை அவர் கண்டவராவர்.

நாளை குடிமக்களாகி, செய்தித்தாளையும் அறிக்கையையும் தலைவர் உரையையும் படித்து முடிவு செய்ய வேண்டியவர் இன்றைய மாணவரே. கல்வெட்டின்முன் நின்று வினவக் கற்றவர், அவற்றின் முன்னும் வினவுவர். பிறர் சொல்லியவாறே புகழ்வதும் இகழ்வதும் எளிது. மூலத்தைப் படித்துத் தாமே தெளிதல் அரிது. அவ்வரிய பயிற்சியைத் தருவதே வரலாற்றுக் கல்வி.