ஆடாமல் விட்ட ஆட்டம்

அஸர் தொழுகை முடிந்ததும் கோவையின் மைதானங்களில் நம் பிள்ளைகள் பந்தாடுவதைக் காண்கிறோம். ஆட்டமென்றால் வெற்றி ஒன்றே குறி என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால், வெற்றியினும் நீதி பெரிது என்பதை விளையாட்டுக் களமே உணர்த்திய வரலாறு உண்டு.

1974ஆம் ஆண்டு. டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்திய அணி, கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் பூனாவில் சோவியத் யூனியனையும் வென்று இறுதிச் சுற்றை எட்டியது. சென்னையின் புதல்வர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அவ்வணியின் தூண்கள். எதிரணியோ தென்னாப்பிரிக்கா. ஒருவர் எங்கு வசிப்பது, எங்கு பயில்வது என்பதைத் தோலின் நிறங்கொண்டு சட்டமே வகுத்த நாடு அது. தமிழகத்திலிருந்து கூலிகளாய்ச் சென்றோரின் சந்ததியினரும் அக்கொடுமைக்கு ஆளாகியிருந்தனர்.

இந்தியா ஆட மறுத்தது. ஆடாமலேயே தென்னாப்பிரிக்கா கோப்பையைப் பெற்றது. முடிவு அரசின் நிலைப்பாட்டைத் தழுவியதாயினும், இழப்பைச் சுமந்தோர் வீரர்களே. இந்தியா இன்றளவும் அக்கோப்பையை வென்றதில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் முஹம்மது அலீ குத்துச்சண்டை உலகப் பட்டத்தை மீட்டார். அவர் அதை இழந்தது எவ்வாறு? 1967இல், தம் மார்க்க நம்பிக்கையைக் காட்டி, வியட்நாம் போருக்கான படையில் சேர மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டினால் சிறை செல்லவில்லையெனினும், வாலிபத்தின் மூன்றரை ஆண்டுகள் களமின்றிக் கழிந்தன. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துச் செய்தது. கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

வெள்ளையர்க்கோ கறுப்பர்க்கோ நிறத்தால் உயர்வில்லை, இறையச்சமே உயர்வு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அறிவித்தார்கள். தமக்கே பாதகமாயினும் நீதியின் பக்கம் நிற்குமாறு திருமறை பணிக்கிறது. இழப்பில்லாத இடத்தில் நீதி பேசுவது எளிது. இழக்க நேரும்போதன்றோ அதன் உரம் தெரிகிறது!

நிறவெறிச் சட்டங்கள் நீங்கியபின், 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியைக் கல்கத்தா வரவேற்றது. 1994இல் நெல்சன் மண்டேலா அந்நாட்டின் அதிபரானார். கோப்பையைத் துறந்தது வீண்போகவில்லை.

உலக அரங்கு நமக்குத் தொலைவாயிருக்கலாம். நம் தெரு மைதானம் தொலைவன்று. குலத்தையோ வறுமையையோ காட்டி ஒரு சிறுவனைக் குழுவினர் ஒதுக்கும்போது, "அவனின்றி நானும் ஆடேன்" என்று கூற நம் பிள்ளைக்கு நெஞ்சுரம் உண்டா? ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பும் பெற்றோர் இன்றே அவனிடம் கேட்கட்டும்.