நயினாதீவை நடந்து கண்டோம்

ஒல்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமைக் காணும் வாய்ப்பு எமக்கு ஒரு முறை கிட்டியது. அந்நகரில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊரை நன்கறிந்த உள்ளூர்வாசி ஒருவர் பத்துப் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். மூலைக்கு மூலை நின்று, இந்த வீடு யாருடையது, இந்தக் கால்வாய் எப்போது வெட்டப்பட்டது என்று கதை சொல்வார். நடை முடிந்ததும் விருந்தினர் தாம் விரும்பியதை அவர் கையில் வைத்துவிட்டுச் செல்வர்.

எமக்கு வழிகாட்டியவர் ஓர் இளம்பெண். 17 ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய்களின் ஓரமாக எம்மை நடத்திச் சென்று, 1602 ஆம் ஆண்டில் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகை முன்னே நிறுத்தினார். மிளகையும் கறுவாவையும் பற்றி அழகாகப் பேசினார். ஆனால், அக்கம்பெனியார் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், எமது தீவுகளுக்குத் தமது ஊர்ப் பெயர்களையே சூட்டினர் என்னும் செய்தியை அவர் அறிந்திருக்கவில்லை. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு றொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட், நயினாதீவு ஹார்லெம் என்றாயின. இவற்றுள் டெல்ஃப்ட் என்ற பெயர் ஒன்றே இன்றும் பெருவழக்கில் நிலைத்திருக்கிறது.

இதனை நாம் எடுத்துச் சொன்னபோது அப்பெண் வியந்து, "உங்கள் ஹார்லெம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நாம் விழித்தோம். நயினாதீவுக்கு எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். படகில் இறங்கி, அம்மனை வணங்கி, அன்னதானம் உண்டு, அடுத்த படகில் திரும்பியிருக்கிறோம். அத்தீவை நாம் ஒருநாளும் நடந்து கண்டதில்லை!

நாடு திரும்பியதும் அக்குறையைத் தீர்க்க எண்ணினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எமது மாணவர் ஒன்பது பேருடன் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையில் படகேறினோம். ஏறத்தாழ 20 நிமிடக் கடற்பயணம். எம்முடன் வந்த மாணவியருள் ஒருத்தி நயினாதீவையே சொந்த ஊராகக் கொண்டவள். தன் ஊரைச் சுற்றிக் காட்டும்படி கேட்டோம். அவள் நாணத்துடன், "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது சேர். எங்கள் ஒழுங்கையில் ஓர் அப்பு இருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

துறையிலே காத்திருந்தார் அந்தப் பெரியவர். முற்காலத்தில் படகோட்டியவர், எண்பதை எட்டிய வயது, கையில் ஓர் ஊன்றுகோல். எம்மைக் கண்டதும் அவர் முதலில் ஒரு நிபந்தனை விதித்தார்.

"மாஸ்டர், நான் மூன்று விதமாய்ச் சொல்லுவன். ஒன்று நான் கண்டது. மற்றது நான் கேட்டது. மூன்றாவது கல்லிலையும் ஏட்டிலையும் இருக்கிறது. பிள்ளையள் மூன்றையும் ஒன்றாய்க் கலந்து எழுதப்படாது."

ஆராய்ச்சி முறைபற்றி நாம் வகுப்பறையில் ஒரு தவணை முழுதும் கூறுவதை அப்பெரியவர் ஒரே மூச்சில் கூறிவிட்டார்!

முதலில் கேட்டதைச் சொன்னார். கடலை நோக்கி ஊன்றுகோலை நீட்டி, அம்மனை வழிபட மலர் ஏந்திக் கடலில் நீந்தி வந்த நாகத்தையும், அதனைத் துரத்திய கருடனையும், இடையிலே புகுந்து சமாதானம் செய்த வணிகரையும் பற்றிக் கூறினார். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்னும் பெயர்கள் இக்கதையை இன்றும் நினைவூட்டுகின்றன. நாகபூஷணி அம்மன் கோயிலைச் சக்தி பீடங்களுள் ஒன்றாக அடியார் போற்றுவர். பழைய கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. பின்னர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுந்தது. ஆனி மாதத் திருவிழாவின்போது இச்சிறு தீவு தாங்கமாட்டாத அளவுக்கு மக்கள் திரள்வர்.

அடுத்துக் கல்லைப் பற்றிச் சொன்னார். இக்கோயிலைச் சேர்ந்த பழைய சாசனக்கல் ஒன்று வரலாற்று அறிஞர் அறிந்த பெருஞ்செல்வமாகும். பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பொறிப்பித்தது அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963 இல் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், காற்பங்கு மட்டும் அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. ஏனைய சரக்குக் கலம் உடைந்தால் இருவருக்கும் சரிபாதி. இவையே அம்மன்னன் கட்டளைகள். அவை தமிழிலே எழுதப்பட்டன.

"சிங்கள மன்னன் ஏன் தமிழில் எழுதினான் சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

நாம் வாய் திறக்குமுன் பெரியவர் விடையளித்தார்: "தம்பி, ஒருவன் சட்டம் போட்டால் வாசிக்கிறவனுக்கு விளங்க வேணும். இந்தத் துறையளிலே வந்துபோன வியாபாரிமாருக்குத் தமிழ் விளங்கியிருக்கு."

கோயிலிலிருந்து கடலோரமாகச் சிறிது தூரம் நடந்தால் நாகதீப விகாரை. தென்னிலங்கையிலிருந்து வரும் அடியார் அங்கே வெண்ணிற ஆடையுடன் மலர்த்தட்டு ஏந்தி நிற்கின்றனர். இன்றுள்ள விகாரைக் கட்டடங்கள் 20 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் அவர்கள் போற்றும் கதை மகாவம்சத்தில் உள்ள பழங்கதை. மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்துக்காகப் போரிட, புத்தர் வந்து அவர்தம் பகையைத் தீர்த்தார் என்பது அக்கதை.

இவ்விடத்திலேதான் எமது மாணவரிடையே பூசல் கிளம்பிற்று. "இது மணிமேகலை கண்ட மணிபல்லவம், தமிழ்க் காப்பியம் பாடிய மண்" என்றான் ஒருவன். "அப்படியானால் புத்த பீடிகை இங்கே இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்" என்றான் மற்றவன். மூன்றாமவள், நாகதீபம் என்பது பழங்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் குறித்தது என்று அறிஞர் கூறுவதையும், வல்லிபுரத்துப் பொற்சாசனத்தில் அப்பெயர் காணப்படுவதையும் எடுத்துக்காட்டினாள். மணிபல்லவம் நயினாதீவே என்பதிலும் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. குரல்கள் உயர்ந்தன. வழிபட வந்தோர் திரும்பிப் பார்த்தனர். இத்தகைய பேச்சுக்கள் பேச்சோடு நில்லாது தீயாகவும் குருதியாகவும் மாறிய காலங்களைக் கண்டவர் நாம். ஆதலால் எமது உள்ளம் பதைத்தது.

பெரியவர் ஊன்றுகோலால் மணலைத் தட்டினார். "பிள்ளையள், மணிமேகலையிலையும் இரண்டு நாக அரசர் ஓர் ஆசனத்துக்குத்தானே சண்டை பிடிச்சவை?"

"ஓம் அப்பு."

"அங்கேயும் புத்தர் வந்துதானே தீர்த்து வைச்சவர்?"

"ஓம்."

"இரண்டு புத்தகமும் ஒரே கதையைச் சொல்லுது. சண்டையை விடு என்று சொன்ன கதை. அந்தக் கதைக்காக நீங்கள் சண்டை பிடிச்சால், கதை உங்கட காதிலே விழவில்லை என்றுதானே அர்த்தம்?"

மாணவர் தலைகவிழ்ந்தனர். நாமும் அவர்களோடு கூட ஒரு பாடம் கற்றோம்.

பின்னர் ஊருக்குள் நடந்தோம். பனை வடலிகளும் பூவரசம் வேலிகளும் நிறைந்த ஒழுங்கைகள். இடையிடையே பூட்டிக் கிடக்கும் வீடுகள். "இது நான் கண்டது" என்று பெரியவர் ஒவ்வொரு படலையாகக் காட்டினார். இந்த வீட்டார் கனடாவில், அந்த வீட்டார் பிரான்சில். தம் மக்கள் மூவரும் கடல் கடந்தவரே என்றார். அவர் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, பனங்கட்டியைக் கடித்து வெறுந்தேநீர் பருகினோம்.

விடைபெறும்போது ஆம்ஸ்டர்டாம் வழக்கத்தை நினைந்து அவர் கையில் சிறிது பணம் வைக்க முயன்றோம். அவர் மறுத்துவிட்டார்.

"காசு வேண்டாம் மாஸ்டர். பிள்ளையள் எழுதினதை என்ர கண்ணுக்குத் தெரியிறமாதிரிப் பெரிய எழுத்திலே ஒரு பிரதி எழுதித் தாங்கோ. பிழை இருந்தால் நான் இருக்கேக்கையே திருத்திப்போடலாம்."

நான்கு சதுர கிலோமீற்றர் அளவேயுள்ள இத்தீவிலே, அறிந்தவர் ஒருவர் மறைந்தால் எத்தனை செய்தி மறையும் என்பதை அவ்வேளையில் உணர்ந்தோம். கல்லிலே உள்ளது கல்லில் நிற்கும். கண்டதும் கேட்டதும் யார் நாவில் நிற்கும்?

திரும்பும் படகில் காலியிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுட் சிறுவன் ஒருவன் கடலைச் சுட்டி ஏதோ கேட்டான். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று காலையில் நாணிய எமது மாணவி, தனக்குத் தெரிந்த சிறிதளவு சிங்களத்தில் நாகமும் கருடனும் வந்த கதையை அவனுக்குச் சொல்லத் தொடங்கினாள். முடிவில், இது கேட்ட கதை என்றும் மறவாது கூறினாள். மறுவாரம் வகுப்பிலே, பெரிய எழுத்தில் எழுதிய அந்தப் பிரதியை முதலில் கொண்டுவந்து தந்தவளும் அவளே.

வாசக நேயர்களே, தொலைதூர நகரங்களைக் காண்பது நன்று. ஆனால் அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை உங்கள் ஊரிலேயே ஒரு முதியவருடன் நடக்க விடுங்கள். கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் இருக்கட்டும்.